சிவகாசி: ஆடியில் பிறக்கும் அடுத்த ஆண்டு

சிவகாசியில் அடுத்த ஆண்டு ஆடி மாதமே பிறந்துவிடும். ஆடிப் பதினெட்டு அன்று காலண்டர் நிறுவனங்களில் பூஜை போட்டு, வரப்போகும் ஆண்டுக்கான ஆல்பத்தை வெளியிடுவார்கள். காவிரிக் கரையில் புதுப்புனலுக்குப் படையல் வைக்கும் அதே நாளில், வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இந்தக் கரிசல் பூமியில் படையல் மாதிரித் தாள்களுக்கு.

ஆல்பம் என்பது காலண்டர் மாதிரிகளைச் சேர்த்துக் கட்டிய கனத்த புத்தகம். முருகன், பிள்ளையார், லட்சுமி, இயேசு, மெக்கா, அருவி, கொழுகொழுவென்று ஒரு குழந்தை, தேசத் தலைவர்கள் என்று படம் மாறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அளவு, விலை. கீழே கடைப் பெயர் அச்சிட வெற்றிடம். இதைத் தூக்கிக்கொண்டு ஏஜென்ட்டுகள் ஊர் ஊராகக் கிளம்புவார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, வட்டிக்கடை எதையும் விடமாட்டார்கள். "அண்ணாச்சி, போன வருச ரேட்டுக்கே போட்டுக் குடுங்க" என்பார் கடைக்காரர். "பேப்பர் விலை ஏறிப்போச்சுங்க" என்பார் ஏஜென்ட். இந்தப் பேச்சு இல்லாமல் ஒரு ஆர்டரும் முடிவதில்லை.

அச்சுத் தொழிலில் பொருட்காட்சி என்றால் உலகம் முதலில் சொல்வது ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்து ட்ரூபாவை. 1951இல் தொடங்கியது. 2020இல் கொரோனாவால் நின்றுபோய், 2024இல் மறுபடி கூடியது. இந்தியாவில், அகில இந்திய மாஸ்டர் பிரிண்டர்ஸ் சம்மேளனம் நடத்தும் பாமெக்ஸ் உண்டு. டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் பிரிண்ட்பேக் இந்தியா உண்டு. அங்கெல்லாம் இயந்திரம் செய்கிறவர் விற்பார், அச்சகக்காரர் வாங்குவார். ஆடி ஆல்பத்தில் கதை தலைகீழ்: இங்கே அச்சகக்காரர்தான் விற்கிறவர். கூடமும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. என்னைக் கேட்டால், இந்தியாவின் விசித்திரமான அச்சுப் பொருட்காட்சி இதுதான். ஏஜென்ட்டின் பைக்குள் இருந்தபடியே நாடு முழுவதும் நடந்து முடிந்துவிடுகிறது.

சிவகாசி இருப்பது விருதுநகர் மாவட்டத்தில், மதுரையிலிருந்து தென்மேற்கே பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தொலைவு. பக்கத்துத் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு 2021இல் மாநகராட்சி ஆனது. மழை குறைவு, விவசாயத்தை நம்ப முடியாது. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அவர்கள் வந்து தொடங்கியதிலிருந்துதான் இந்த ஊரின் இன்றைய முகம். தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் மட்டுமில்லை, அச்சுக்கும் வறண்ட காற்று தோது. தாள் ஈரம் குடித்தால் நீளும். நீண்டால் அடுத்த நிறம் முந்தைய நிறத்தின் மேல் சரியாக உட்காராது. ரெஜிஸ்டர் விலகிவிட்டது என்பார்கள். அம்மன் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் வழிந்த படத்தை யாரும் பூஜை அறையில் மாட்டமாட்டார்கள்.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதை வெளியிலிருந்து தருவிப்பதைவிட இங்கேயே அடிக்கலாம் என்று 1920களின் கடைசியில் லித்தோ அச்சு வந்தது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் பிசுக்கு மையால் வரைந்து, தண்ணீர் தடவி, மேலே அச்சு மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். நிறத்துக்கு ஒரு கல். பின்னர் கல் போய்த் தகடு வந்தது, ஆப்செட் வந்தது, லேபிளோடு காலண்டர், நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை, சினிமா போஸ்டர் எல்லாம் சேர்ந்துகொண்டன. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வங்கள் இங்கே அச்சாகித்தான் தமிழ்நாட்டுச் சுவர்களுக்குப் போயின. நம் தாத்தா பாட்டிகள் மனதில் இருந்த முருகனுக்குக் கோவில் சிலையைவிட அந்தக் காலண்டர் முருகனின் சாயல்தான் கூடுதல் என்று தோன்றுகிறது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸும் இந்த ஊர்ச் சரக்குதான்.

சங்கம் இந்த ஊருக்குப் புதிதில்லை. அச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வட்டார நாடார் வணிகர்களிடம் உறவின்முறை என்ற சமூக அமைப்பும் மகமையும் இருந்தன. விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவில் எடுத்து வைப்பதுதான் மகமை. பேட்டையும் பள்ளிக்கூடமும் அந்தப் பணத்தில் எழுந்தவை. போட்டியாளனோடு கணக்கு முடித்து, அவனோடேயே உட்கார்ந்து பொதுக்காரியம் பேசும் பழக்கம் ஊறிப்போன இடத்தில் தொழில் முதலாளிகளின் சங்கங்கள் முளைத்ததில் வியப்பில்லை. பட்டாசுக்கு டான்பாமா, அச்சகங்களுக்குச் சிவகாசி மாஸ்டர் பிரிண்டர்ஸ் அசோசியேஷன், காலண்டர்காரர்களுக்குத் தனிச் சங்கம்.

சங்கத்துக்கு முக்கியமான வேலை விலை. தெருவுக்குத் தெரு அச்சகம் இருக்கிற ஊரில், வாங்க வருகிறவர் ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் காட்டியே தரைமட்டத்துக்கு இறக்கிவிடுவார். தாள் ஆலை விலையை ஏற்றினால் அது எல்லாரையும் ஒரே நாளில் தாக்கும். அதனால்தான் ஆல்பம் வெளியாகும் சமயத்தில் "இந்த ஆண்டு காலண்டர் விலை இவ்வளவு சதவீதம் உயரும்" என்று சங்கத்தார் பத்திரிகைக்காரர்களிடம் சொல்வது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அதை எல்லாரும் கடைப்பிடிக்கிறார்களா என்பது வேறு விஷயம். ஒரு பெரிய ஆர்டர் கைநழுவும் நேரத்தில் சங்கத்து முடிவை நினைத்துப் பார்க்கிற முதலாளியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தினசரி காலண்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த ஊரின் வேலைப் பங்கீடு புரியும். ஒரு பெரிய தாளில் பல தேதிகள் சேர்ந்து அச்சாகும்; கட்டிங் மெஷினில் நறுக்கி, தேதி பிசகாமல் அடுக்கி, கம்பி தைத்து, தலையில் தகரப் பட்டி அடித்து, படம் ஒட்டிய அட்டையில் பொருத்த வேண்டும். அட்டையின் மினுமினுப்புக்கு ஃபாயில், வடிவத்துக்கு டை கட்டிங். இந்தப் படிகள் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டியதில்லை. ஒன்றொன்றுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை உண்டு. இத்தனைக்கும் நடுவில் ராகு காலம், நல்ல நேரம், சந்திராஷ்டமம் ஒன்றும் தவறக்கூடாது. அரசு விடுமுறைப் பட்டியல் தாமதமானால் எந்தத் தேதியைச் சிவப்பில் போடுவது என்ற தலைவலி வேறு.

அடி விழாமலும் இல்லை. 2020 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம், அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் காலண்டர், டைரி அச்சிட வேண்டாம் என்று உத்தரவு போட்டது. கொரோனா ஊரடங்கில் ஏற்கெனவே நொந்திருந்த நேரம். தனியார் நிறுவனங்களும் செலவைக் குறைக்கிறோம் என்று அதே பாட்டைப் பாடின. கைபேசி தேதி காட்டும் காலத்தில் தாள் காலண்டர் எதற்கு என்று கேட்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். ஆனால் கைபேசித் தேதியின் கீழே கடைப் பெயர் இருக்காதே. வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஓராண்டு முழுக்கத் தன் பெயர் தொங்க இதைவிட மலிவான வழி மளிகைக்கடைக்காரருக்கு இன்னும் கிடைக்கவில்லை. மாதக் காலண்டர் வாங்கத் தயங்குகிற கடையும் தினசரி காலண்டரை விடுவதில்லை.

சிவகாசியை அச்சு ஊராகப் பார்க்க விரும்புகிறவர்கள் தீபாவளி சமயத்தில் போகக்கூடாது; கூட்டம் முழுக்கப் பட்டாசுக்கு. ஆடிப் பதினெட்டை ஒட்டிய வாரம் நல்லது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும். பழக்கமான ஏஜென்ட் யாராவது இருந்தால் அவரோடு காலண்டர் நிறுவனங்களுக்குப் போங்கள்; ஆல்பத்தை அலுக்காமல் விரித்துக் காட்டுவார்கள். பொங்கல் தாண்டிவிட்டால் காலண்டர் பேச்சு ஓய்ந்து, ஜூனில் பள்ளி திறப்பதற்கான நோட்டு வேலை தொடங்கிவிடும்.