சட்டியும் உப்பும் சுமந்து போன வீரன்

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை தலையணை கனத்தில் ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது? எனக்கும் வந்தது.

"என்னடா இது?" என்றேன்.

"மோதிரக் கதைம்மா. மந்திரவாதி, ராட்சதன், குள்ளன் எல்லாம் வருவாங்க."

"மீசை முளைக்கிற வயசுல மந்திரவாதிக் கதையா?" என்று பிடுங்கி, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதோடு விட்டேனா? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் புலம்பினேன்.

பரீட்சை முடிந்த மறு வாரம் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். வயது எழுபத்தெட்டு; சர்க்கரை வேறு. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. மற்றதெல்லாம் படுக்கையிலேயே. பகல் எப்படியோ ஓடிவிடும். ராத்திரிதான் நகராது. வலியில் அத்தைக்குத் தூக்கம் பிடிக்காது. "இன்னும் விடியலையா?" என்று மணிக்கு நாலு தடவை கேட்பார். நானும் மனுஷிதானே? ஒரு நாள், "சூரியனைக் கயிறு கட்டியா இழுக்க முடியும் அத்தை?" என்று சுள்ளென்று விழுந்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மிச்ச ராத்திரி முழுவதும் நானும் தூங்கவில்லை.

மறுநாள் இரவு பையன் வந்து கட்டிலருகே உட்கார்ந்தான். "அப்பாயி, ஒரு கதை சொல்லவா?" என்றான். பீரோ சாவியை நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற அந்தக் கதையை எழுதியவர் டோல்கீன் என்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியர். 1954, 1955-ம் ஆண்டுகளில் மூன்று பாகமாக வெளிவந்தது. 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாகவும் எடுத்தார்கள். கடைசிப் படத்துக்கு மட்டும் 11 ஆஸ்கார் பரிசுகள். கதை இதுதான். தீயசக்தி ஒருவன் ஒரு மோதிரம் செய்கிறான். அதை வைத்திருப்பவர் மனத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக அடிமையாக்கிவிடும். அது வார்க்கப்பட்ட எரிமலைத் தீயில் போட்டால்தான் அழியும். அதைச் சுமந்து போக முன்வருபவன் மாவீரன் இல்லை. நம் இடுப்பு உயரமே உள்ள, வீட்டுச் சாப்பாட்டை விரும்புகிற ஃப்ரோடோ என்ற குள்ளன். கூடப் போகிறவன் அவனுடைய தோட்டக்காரன் சாம்.

அத்தை முதலில் சுவாரஸ்யமில்லாமல்தான் கேட்டார். சாம் தன் மூட்டையில் சட்டிகளும், ஒரு சிறு பெட்டியில் உப்பும் எடுத்துப் போனான் என்று பையன் சொன்னதும் தலையைத் திருப்பினார்.

"உப்பு எடுத்துட்டுப் போனானா? அப்ப விவரமான பயதான்" என்றார்.

அந்த உப்புதான் எங்கள் வீட்டில் கதையைக் காப்பாற்றியது! எதிரி நாட்டு வாசலில், உயிருக்கே ஆபத்தான இடத்தில், பிரிஞ்சி இலையும் வாசனைத் தழைகளும் தேடி முயல்கறி சமைக்கிறான் சாம், இளைத்துப்போன எஜமானுக்காக. "எந்தக் காட்டுக்குப் போனாலும் ஆக்கிப் போட ஒருத்தர் வேணுமில்ல" என்றார் அத்தை. கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற, மோதிர ஆசையால் கெட்டுப்போன ஜந்துவின் பெயர் கோலம் என்றதும், "வாசல்ல போடுறதா?" என்று கேட்டு, விழுந்ததற்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

அத்தைக்கு மாயாஜாலம் என்றால் 1957-ல் வந்த 'மாயா பஜார்' படம்தான். கடோத்கஜனாக எஸ். வி. ரங்காராவ் கல்யாண விருந்தைத் தட்டுத் தட்டாகக் காலி செய்வதை இன்றைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷம் கழித்தும் அவர் மனதில் நிற்பது அந்தச் சமையல்கட்டும் லட்டும் பட்சணமும்தான். மந்திரம் எவ்வளவு பெரிதானாலும், நம் வீட்டு வாசனை ஒன்று அதில் இருந்தால்தான் கதை நிலைக்கிறது.

ஓர் இரவு பையன் ஆசிரியரின் வாழ்க்கையைச் சொன்னான். டோல்கீனுக்கு நாலு வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். தாயார்தான் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்து, செடிகொடிகளைக் காட்டி வளர்த்தவர். அந்தத் தாயும் 1904-ல் தம் 34-வது வயதில் நீரிழிவு நோயால் காலமானார். அப்போது பிள்ளைக்கு 12 வயது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1921-ல்தான். இதைக் கேட்டபோது அத்தைக்குப் போட வேண்டிய ஊசி என் கையில் இருந்தது. தினமும் அலுத்துக்கொண்டு போடுகிற மருந்தை அன்றைக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு அவர் முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களோடு பதுங்கு குழியில் இருந்திருக்கிறார். 1916-ல் சோம் நதிப் போரில் நெருங்கிய நண்பர்களை இழந்தார். அந்த யுத்தத்தில் தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களின், அதிகாரிகளுக்குப் பணிவிடை செய்தவர்களின் சாயல்தான் சாம் என்று அவரே சொல்லியிருக்கிறாராம். துக்கம் தெரியாதவர் கற்பனையில் கட்டிய கதை இல்லை இது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கடைசியில் எரிமலைக்குப் போகும் வழியில் சுமை தாங்காமல் சாம் தன் சட்டிகளைத் தூக்கி எறிகிறான். ராட்சதச் சிலந்தியோடு சண்டை போட்டவனுக்குச் சட்டியைப் பிரியும்போது கண் கலங்குகிறது! அந்த இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. பிறகு மலையேற முடியாமல் ஃப்ரோடோ விழுந்துவிடுகிறான். மோதிரத்தை இன்னொருவர் வாங்கிச் சுமக்க வழியில்லை. சாம் என்ன செய்கிறான் தெரியுமா? ஆளையே முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுகிறான்.

அத்தையின் வலியை என்னால் வாங்கிக்கொள்ள முடியுமா? முடியாது. ஆனால் அத்தையைத் தூக்கி உட்கார வைக்கலாம், புரட்டிப் படுக்க வைக்கலாம். நான் தினமும் செய்கிற இந்த வேலைக்கு இப்படி ஒரு மதிப்பு உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தோட்டக்காரன் சாம்தான் சொன்னான்.

முடிவு இன்னும் ஆச்சரியம். எரிமலை விளிம்பில் ஃப்ரோடோவுக்கு மோதிரத்தை எறிய மனம் வரவில்லை. தன் விரலிலேயே மாட்டிக்கொள்கிறான். கோலம் அவன் விரலோடு அதைக் கடித்துப் பறித்து, தடுமாறி நெருப்பில் விழுகிறான். அதற்கு முன்பு அவனைக் கொல்ல எத்தனையோ சந்தர்ப்பம் வந்தும், இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். அந்த இரக்கம்தான் உலகத்தைக் காப்பாற்றுகிறது. "நல்லவனுக்கும் ஒரு நேரம் சறுக்கத்தான் செய்யும்" என்றார் அத்தை, என்னைப் பார்த்து. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அந்த ராத்திரியை அவர் மறக்கவில்லை. மன்னித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

இம்மாதிரிக் கதைகள் தலைமுறை தாண்டி நிற்பதற்குக் காரணம் மந்திரமும் மாயமும் மட்டுமல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. சின்ன மனிதர்கள் பெரிய சுமையைத் தூக்குகிறார்கள். துணைக்கு ஒருவர் கூடப் போகிறார். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே? நம் வீட்டுப் பாரத்தை நாம் பக்கத்தில் இருந்து பார்ப்பதால் அதன் பெருமை தெரிவதில்லை. ராட்சதனையும் எரிமலையையும் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் தெரிகிறது.

ஆகவே தாய்மார்களே, பரீட்சை நேரத்தில் கண்டிப்பாக இருங்கள்; வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை படிக்கிற கதையைப் பூட்டி வைப்பதற்கு முன்னால், "என்ன கதைப்பா அது?" என்று ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் முதியவர் படுக்கையில் இருந்தால் அவரையும் கேட்க வையுங்கள்.

அத்தை இப்போது வாக்கர் பிடித்து அடுப்பங்கரை வரை வருகிறார். நேற்று குழம்பை ருசி பார்த்துவிட்டுச் சொன்னார்: "உப்புப் பெட்டியை மறந்துட்டியா சாமு?"