விலை தெரியாத ஓர் இரவு

உணவகத்தில் மெனுவைக் கொடுத்தால் அப்பா முதலில் படிப்பது விலையைத்தான். எங்களுக்குக் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, “எனக்குப் பசியில்லம்மா, ஒரு தே ஓ போதும்” என்பார்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு ஜார்ஜ்டவுன் ‘ஓ ஜார்டன்’ உணவகத்துக்கு அழைத்துப் போனேன். ஹின் பஸ் டிப்போவை ஒட்டி இருக்கிறது. 2022 டிசம்பரில் மிஷலின் கையேடு முதன்முறை மலேசியாவுக்கு வந்தபோது நட்சத்திரம் பெற்ற நான்கு உணவகங்களில் இதுவும் ஒன்று. பினாங்கில் அன்று பெற்ற இன்னொன்று, பிஷப் சாலையில் உள்ள ‘ஆண்டி கேய்க் லியன்’ நியோன்யா கடை. இங்கே செட் மெனு. சமையல்காரர் தீர்மானித்ததைத்தான் சாப்பிட வேண்டும். மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் முன்பதிவிலேயே சொல்லிவிட்டேன்.

“நாம கேக்கவே வேணாமா?” என்று இரண்டு முறை கேட்டார் அப்பா. பிறகு அவரே, “கல்யாணப் பந்தி மாதிரிதான். என்ன, கொஞ்சம் மெதுவா வைக்கிறான்” என்றார். ஊறுகாய் அளவுக்கு ஒரு தட்டு வந்தபோது அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் எங்களுக்கு வந்தது எல்லாம் அவருக்கும் வந்தது. மலிவானதைத் தேடிப் பிடிக்க வழியே இல்லை.

காரில் ஏறியதும், “எவ்வளவு ஆச்சு?” என்றார். பாதியைச் சொன்னேன். அதற்கே பெருமூச்சு.

வீடு நெருங்கும்போது மெதுவாக, “அந்த மீன் நல்லா இருந்துச்சும்மா” என்றார். வீட்டில் எப்போதும் வால் துண்டை எடுத்துக்கொள்பவர்.