சாய்ந்தமருதிலிருந்து உகணைக்கு

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைத் தெருவில் கல்லாற்றைக் கடந்துவிட்டால், ஊர்கள் ஒன்றோடொன்று தோளுரசி நிற்கின்றன. மருதமுனையின் தறியோசை காதைவிட்டு நீங்குமுன் பாண்டிருப்பு, அதையடுத்துக் கல்முனை, கல்முனைக் கடைத்தெருவின் சந்தடி ஓயுமுன் சாய்ந்தமருது. எல்லை எதுவென்று புதியவர் கேட்டால் உள்ளூராரே சற்றுத் தயங்குவர்.

சென்ற விடுமுறையில் மாணவர் நால்வரை அழைத்துக்கொண்டு அம்பாறைக்குப் புறப்பட்ட நான், சாய்ந்தமருதில் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் தங்கினேன். அவருடைய மூத்த சகோதரர் படகுச் சொந்தக்காரர். தம்பியைப் போலவே நானும் அவரைக் 'காக்கா' என்றே அழைத்தேன். மாலையில் எங்களைக் கரைக்கு இட்டுச் சென்றார். கீழைக் கரையில் கதிரவன் நிலத்தின் பக்கம் மறைகிறான் அல்லவா? தென்னந்தலைகளில் வெயில் எஞ்சியிருக்கையிலேயே கடல் கறுத்துவிட்டது.

படகின் இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை. எதிரே இரண்டும் ஒருசேரத் தெரிந்தால் படகு நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். விளக்குகளைக் காட்டிய பின், சிறிய வானொலிக் கருவியையும் எடுத்துக் காட்டினார் காக்கா.

"சந்திக்குச் சந்தி பொலிஸ் நிக்கிறதுக்கு இது கல்முனைத் தெருவா சேர்? கடல்ல நாமதான் பாத்துக்கொள்ளணும். இதுல கூப்பிட்டா ஒரு குரல் வரும். அது நாம கூப்பிட்ட போட்காரன்ட குரல்தானா எண்டு ஒருக்கா கேட்டுப்போட்டுத்தான் குறுக்க போகணும்."

மறுநாட் காலை, சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவில் மேற்கே திரும்பினோம். சம்மாந்துறை வயல்களின் பசுமையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இப்பக்கம் போதாது. அம்பாறையை அடுத்த உகணையில் ஒரு விமானத்தளம் உண்டு. பழையவர்கள் இதைக் கல்லோயா விமானத்தளம் என்பர். எயார் சிலோன் விமானங்கள் வந்திறங்கிய இத்தளம் இன்று விமானப் படையின் கையில் உள்ளது. அன்று வானில் வட்டமிட்ட சிறு விமானம் ஒன்றைக் கண்ட மாணவன், "ஐயா, கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத தளத்தில் இரண்டு விமானங்கள் ஒன்றாக வந்தால் என்ன செய்வார்கள்?" என்றான்.

நல்ல கேள்வி. ஐக்கிய அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டிலுள்ள விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000. கோபுரம் உள்ளவையோ 500 அளவிலேதான். ஏனையவற்றில் விமானிகள் ஒரே பொது அலைவரிசையில் பேசிக்கொள்கின்றனர். எந்தத் தளம், எந்த விமானம், எங்கே வருகிறது, என்ன செய்யப்போகிறது என்று தொலைவிலிருந்தே அறிவித்து, ஓடுபாதையை ஒட்டி நாற்கோணமாகச் சுற்றி இறங்குவர். நேரெதிரே சந்தித்தால் இருவரும் வலப்பக்கம் விலகுவர். இறக்கைகளிலும் அதே சிவப்பும் பச்சையுந்தான். கப்பலோட்டிகளிடமிருந்து வானோட்டிகள் கற்ற பாடம். ஆயினும் இருவர் ஒரே கணத்தில் பேசினால் இரைச்சலே மிஞ்சும். வானொலியே இல்லாத விமானமும் வரக்கூடும். ஆகவே காதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

1996 நவம்பர் 19ஆம் நாள் அந்திவேளையில், இலினோய் மாநிலத்துக் குயின்சி விமான நிலையத்தில் நடந்ததை அவர்களுக்குச் சொன்னேன். அங்கே கோபுரம் இயங்கவில்லை. பன்னிருவருடன் ஒரு பயணிகள் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாதையைக் குறுக்கே வெட்டும் மற்றொரு பாதையின் முனையில், இருவர் இருந்த 'கிங் எயார்' விமானம் நின்றது. அதன் பின்னே இன்னொரு சிறு விமானம். இறங்குபவர், "நிற்பீர்களா, புறப்படுவீர்களா?" என்று கேட்டார். கிங் எயார் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற சிறு விமானி, தாம் காத்திருப்பதாகப் பதில் கூறினார். அந்நேரம் பார்த்து, தரையிலிருந்துள்ள உயரத்தை அறிவிக்கும் தானியங்கிக் குரல் இறங்கும் விமானத்தினுள் இடைமறித்தது. முன்னால் நிற்பவரே பேசினார் என்று கருதிய விமானி நன்றி கூறி இறங்கினார். கிங் எயாரோ புறப்பட்டுவிட்டது. பாதைகள் வெட்டும் இடத்தில் இரண்டும் மோதின. ஓடிவந்தவர்களால் பயணிகள் விமானத்தின் கதவைத் திறக்க இயலவில்லை, தீ சூழ்ந்தது. பதினால்வரும் மாண்டனர். கிங் எயாரில் இருந்தோர் பொது அலைவரிசையைச் செவ்வையாகக் கேட்கவுமில்லை, பிற விமானங்களைக் கண்ணால் தேடவுமில்லை என்று விசாரணையாளர் முடிவு கூறினர்.

பேருந்தில் வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை.

அன்றிரவு சாய்ந்தமருதுக் கரையில் மாணவன் இக்கதையைக் காக்காவிடம் ஒப்புவித்தான். வலையை அடுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்ட அவர், என் பக்கம் திரும்பினார்.

"பின்னால நிண்டு மறுமொழி சொன்னவன், 'நான் அவன் இல்ல' எண்டு ஏன் சேர் திருப்பிச் சொல்லல்ல?"

என்னிடம் விடை இருக்கவில்லை. அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டுப் படகைத் தள்ளச் சென்றார்.