காந்தலுக்கு எத்தனை மதிப்பெண்?

அடுப்படியில் உப்புப் பார்ப்பது பெண். பந்தியில் உட்கார்ந்து ‘உப்புக் கம்மி’ என்று தீர்ப்புச் சொல்வது ஆண். பார்த்துப் பார்த்துப் பழகிய நாக்கு அவளுடையதாக இருந்தும், மதிப்பெண் போடும் உரிமை அவனிடம்தான் இருக்கிறது. இதை நான் முதன்முதலாக யோசித்துப் பார்த்தது ஒரு பீரால்தான்.

நான் ராஜபாளையத்துக்காரி. வேலை பார்ப்பது பெங்களூரில். அங்கே பீரைக் கடையிலேயே காய்ச்சிக் குழாயில் பிடித்துத் தரும் இடங்கள் நிறைய இருக்கின்றன. அலுவலகத் தோழிகள் நாலைந்து பேர் மாதத்துக்கு ஒருமுறை கூடி ஒரு வகையை ருசித்து மதிப்பெண் போடுகிறோம். அதற்கு ஒரு தாள் உண்டு. பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் ஓர் அமைப்பு அமெரிக்காவில் 1985 முதல் இயங்குகிறது. அவர்கள் போட்டிகளில் பயன்படுத்தும் தாள் அது. மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தெரியும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10.

அன்றைக்கு எங்கள் முன்னால் இருந்தது அம்பர் ஏல். நல்ல தேன் நிறம், மேலே பழுப்பு கலந்த வெள்ளை நுரை. இந்த வகையில் சாராயச் சத்து 4.5 முதல் 6.2 சதவீதம் வரை இருக்கலாம் என்பது அந்த அமைப்பின் இலக்கணம். நம் ஊர் மதுக்கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் குளிரில் மெதுவாகப் புளிக்க வைக்கும் லாகர் வகை. ஏல் அப்படியல்ல, அதன் ஈஸ்ட் கொஞ்சம் வெதுவெதுப்பில் வேலை செய்யும். அம்பர் ஏலின் நிறமும் இனிப்பும் ஒருவகைப் பார்லியிலிருந்து வருகின்றன. முளைகட்டிய பார்லியை ஈரத்தோடு சூடாக்கினால் மாவு மணிக்குள்ளேயே சர்க்கரையாகிவிடும். பிறகு வறுக்கும்போது அந்தச் சர்க்கரை பாகாகிக் கருகத் தொடங்கும். முழுதாகக் கருகும் முன் நிறுத்திவிட வேண்டும். இந்த இனிப்பை இழுத்துப் பிடிக்க ஹாப்ஸ் பூவின் கசப்பு.

தோழிகள் எழுதத் தொடங்கினார்கள். டாஃபி, பிஸ்கட், பைன் மரம், கிரேப்ஃப்ரூட் தோல். தாளில் இருக்கும் வழக்கமான சொற்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. பைன் மரத்தை நான் கொடைக்கானலில் பார்த்திருக்கிறேன், மோந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தேன். வந்தது கருப்பட்டிப் பாகு. அதன் பின்னால் வறுகடலை. கடைசியில் நார்த்தங்காய்த் தோலின் கைப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய காந்தல், பால்கோவாச் சட்டியின் அடியில் இருக்குமே, அது. அப்படியே தமிழில் எழுதினேன்.

அந்தக் காந்தலை எனக்குக் கற்றுத் தந்தவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் பெரியம்மா.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்துவிடும். பெரியம்மா வீட்டில் விறகடுப்பில் பால்கோவா கிண்டி ஒரு கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சீனி என்பது அவள் கணக்கு. பால் சுண்டச் சுண்ட துடுப்பை நிறுத்தக் கூடாது. கொதிக்கும் சத்தம் மாறும். ‘தளதள’ என்று இருப்பது ‘பொதக் பொதக்’ என்று ஆகும். அந்த நேரத்தில் வாசம் மாறுவதை மூக்கு பிடித்துவிட வேண்டும். பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் உண்டாக்குவதை விஞ்ஞானத்தில் மெயார்டு வினை என்கிறார்கள். 1912-இல் அதை எழுதிய பிரெஞ்சு வேதியியலாளரின் பெயர் அது. பார்லியை வறுக்கும்போது நடப்பதும் பெரும்பாலும் அதே வினைதான். பெரியம்மா அதற்கு வைத்திருந்த பெயர் ‘பதம்’.

கடைக்காரர் வருவார். விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைப்பார். ‘இன்னைக்குக் கொஞ்சம் காந்தல்’ என்பார், கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைப்பார். பெரியம்மா பேசமாட்டாள். காந்தல் இருக்கிறதா இல்லையா என்று அவளை யாரும் கேட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. பெரியம்மாவின் மூக்குக்கு எந்தக் குறியீடும் இல்லை.

இதில் வேடிக்கை, இது ஆண்டாளின் ஊர். சாமிக்கு வைக்கும் மாலையைத் தான் சூடிப் பார்த்து, கிணற்று நீரில் அழகு பார்த்துவிட்டுப் பிறகு அனுப்பிய பெண்ணின் கதையை இந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் திருப்பதிக்கும் அழகர்கோயிலுக்கும் போகிறது. கதையில் பெண் முதலில் அனுபவித்தது குற்றமில்லை, அதுதான் பெருமை. வீட்டுக்குள் மட்டும் நைவேத்தியத்துக்கு முன் பெண் நாக்கில் வைத்தால் எச்சில்.

பீருக்கு வருகிறேன். அது ஆண்களின் பானம் என்பது பிந்தி வந்த எண்ணம். சுமேரியர்கள் பீருக்கு நின்காசி என்ற பெண் தெய்வத்தை வைத்திருந்தார்கள். அவளைப் போற்றும் பாட்டில் பீர் காய்ச்சும் முறையே இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் வீட்டில் ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெண்கள் ஏராளம். தொழில் பெரிதாகி முதலும் சங்கமும் வந்தபோது அவர்கள் ஓரம்கட்டப்பட்டார்கள். நம்மிடமும் சான்று உண்டு. சங்க இலக்கியத்தில் பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கள் செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறது: அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆற்றி, புளிக்க வைக்கும் அடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவது. தானியத்தைப் புளிக்க வைப்பதால் இதைப் பீரின் உறவு என்றே சொல்லலாம். வீட்டில் சமைத்த கள் பற்றியும் அதே பாட்டில் பேச்சு வருகிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதாகப் புறநானூற்றின் 235-ஆம் பாட்டு இருக்கிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று அதில் அவர் அழுகிறார். ஒரு பெண் புலவர் அரசனோடு கள் அருந்தியதைச் சொல்ல அன்றைக்கு யாரும் கூசவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து ‘குடிப்பதும் பெண்ணுரிமையே’ என்று முடித்திருப்பேன். ராஜபாளையத்தில் சித்தி இல்லாமல் இருந்திருந்தால்.

சித்தப்பா நூற்பாலைத் தொழிலாளி. குடித்தே இறந்தார். எங்கள் பக்கத்துக்கு மதுவின் வரலாறு நீளமானது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. அடுத்த ஆண்டு சென்னை மாகாண முதல்வரானவர் எங்கள் ஊர் பூ.ச. குமாரசுவாமி ராஜா. காந்தி கலை மன்றத்துக்குத் தன் வீட்டையே கொடுத்தவர். 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தது, பிறகு வந்தது, மறுபடி போனது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையே அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2017-இல் உச்ச நீதிமன்ற ஆணையால் நெடுஞ்சாலைக் கடைகளை மூடி ஊருக்குள் மாற்றப் பார்த்தபோது, தமிழகம் முழுக்கக் கடை வாசலில் உட்கார்ந்து மறித்தவர்கள் பெண்கள்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தியிடம் சொன்னேன்.

‘அந்தக் கருமத்தையா குடிச்ச? எதுக்குத்தா?’

‘ருசி பாக்கத்தான் சித்தி. மார்க்குப் போடணும்.’

‘அதுக்கு மார்க்கு வேற போடுவீகளா?’

தாளைப் பற்றிச் சொன்னேன். மணத்துக்கு 12 என்றதும் பூத்தொடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

‘உங்க சித்தப்பா ராத்திரி வாசல்ல வந்து நிக்கையில ஒரு வாடை அடிக்கும். அதை வச்சே சொல்லிருவேன். இன்னைக்கு எவ்வளவு உள்ள போயிருக்கு, சம்பளத்துல மிச்சம் இருக்கா, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பணுமான்னு. ஒருநாளும் தப்புனதில்ல. அந்த மூக்குக்கு யாரு மார்க்குப் போட்டா?’

நான் என்ன சொல்ல? மணத்தை இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்தவள் எங்கள் மேசையில் யாரும் இல்லை. அவளுக்கு அது உயிர் பிழைக்கும் கல்வி. எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

அந்த வித்தியாசத்தைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை ருசிக்க நாக்கு மட்டும் போதாது. பயமில்லாத ஒரு மணி நேரம் வேண்டும். கையில் சொந்தக் காசு வேண்டும். திரும்பிப் போக வண்டியும், வீட்டில் கேள்வி கேட்காத கதவும் வேண்டும். எனக்குக் கிடைத்தவை இவை. சித்திக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பீர் பிடிக்காத பெண்ணுக்கும் இவை வேண்டும். கோப்பையைக் கையில் எடுப்பதை மட்டும் விடுதலை என்று சொன்னால், அதே கோப்பையின் வாடையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவளை விட்டுவிடுகிறோம். ‘பெண்ணுக்கு எதற்கு இதெல்லாம்’ என்று சொன்னாலோ, அவள் நாக்கைத் திரும்பவும் அடுப்படியிலேயே அடைத்துவிடுகிறோம்.

அந்த அம்பர் ஏலுக்கு நான் போட்டது 34: மணம் 8, தோற்றம் 3, சுவை 14, கனம் 3, மொத்த அபிப்பிராயம் 6. தாளின் கணக்கில் அது ‘மிக நன்று’. கைப்பு கடைசியில் கொஞ்சம் நின்றுபோனது, அதற்காகக் குறைத்தேன். காந்தலுக்குக் குறைக்கவில்லை.

அதே பொங்கல் விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூரும் போனேன். பெரியம்மா இப்போது கிண்டுவதில்லை, தோள்பட்டை போய்விட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்கிய பால்கோவாவைப் பிரித்து அவள் முன்னால் வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு ஒரு விள்ளலை நாக்கில் வைத்து, வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

‘பால் சுண்டுறதுக்குள்ள சீனியைக் கொட்டிட்டான். ருசிக்கு இருபதுக்குப் பதினொண்ணு போடு.’

எழுதினேன்.

‘மணத்துக்கு?’

‘இரு, அவசரப்படாத’ என்று இன்னொரு விள்ளல் எடுத்தாள்.