முதலை உண்ட கணக்கு

எங்கள் ஊருக்கு அவிநாசி என்று பெயர் வைத்தவர் பெரிய தைரியசாலியாக இருந்திருக்க வேண்டும். விநாசம் இல்லாதது, அழியாதது என்று பொருள். பெயர் கோவிலில் இருக்கும் ஈசனுக்கு உரியது. ஊர் அதை இரவல் வாங்கிக்கொண்டது. இரவல் என்றாலும், பெயருக்குப் பொருத்தமாக ஒரு கதையையும் நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம். வெளியூர்க்காரர் யாராவது கோவிலுக்கு வந்தால் முதலில் அதைத்தான் சொல்லுவோம்.

சுந்தரமூர்த்தி நாயனார், சேரமான் பெருமாளைப் பார்க்கப் போகிற வழியில் இந்த ஊர்த் தெருவில் வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதிர்வீட்டில் அழுகைச் சத்தம். விசாரிக்கிறார். ஒத்த வயதுள்ள இரண்டு பிள்ளைகள் சில வருஷங்களுக்கு முன்னால் மடுவில் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பி வந்தவனுக்குத்தான் இன்று பூணூல். சுந்தரர் கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். முதலை வந்து பிள்ளையைக் கரையில் விடுகிறது. விழுங்கிய அன்றைக்கு இருந்த சிறு பிள்ளையாக அல்ல; இடையில் கழிந்த வருஷங்களுக்கு உரிய வளர்த்தியோடு! கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தொலைந்த பொருள் திரும்பக் கிடைப்பது ஓர் அற்புதம் என்றால், தொலைந்திருந்த காலமும் சேர்ந்து கிடைப்பது அதைவிடப் பெரிய அற்புதம் அல்லவா?

இந்தக் கதை எனக்கு நினைவு வந்ததற்குக் காரணம் பக்தி அல்ல. என் அக்காவின் கம்ப்யூட்டர்.

அக்கா மங்கலம் சாலைப் பக்கம் ஒரு சின்னத் தையல் பட்டறை வைத்து ஜாப் ஒர்க் செய்து வருகிறாள். திருப்பூரில் உள்ள பெரிய கம்பெனிகள் பனியன் துணியை வெட்டி மூட்டையாகக் கட்டி அனுப்பும். இவள் தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, அடுக்கிக் கட்டித் திருப்பி அனுப்புவாள். ஓவர்லாக் நாலு, பேட்லாக் இரண்டு. தையலுக்கும் கைமடிக்கும் செக்கிங்குக்குமாக ஒன்பது பெண்கள். பீஸ் ரேட் கூலி; சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. மாமா காலமான பிறகு எட்டு வருஷமாகத் தனியாகவே நடத்துகிறாள். மூலையில் பிளைவுட் தட்டி வைத்து மறைத்த இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர். அங்கே தான் அந்தக் கம்ப்யூட்டர். 2014-ல் மாமா வாங்கியது.

2025 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, அது டிக், டிக் என்று பல்லி போலச் சத்தம் போட்டுவிட்டுக் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. சேவூரிலிருந்து ரிப்பேர்க்காரப் பையன் வந்தான். பெட்டியைத் திறந்ததும் முதலில் அவன் வெளியே எடுத்தது பஞ்சு. விசிறியைச் சுற்றி மெத்தை மாதிரி அடைந்திருந்தது. கார்த்திகை விளக்குக்குத் திரி திரிக்கலாம் போல இருந்தது. பனியன் ஊரில் பஞ்சு எங்கேதான் இல்லை? எங்கள் மூச்சுக்குழாயிலேயே இருக்கிறது.

“ஹார்ட் டிஸ்க்குங்கக்கா. சூட்டுலயே கெடந்து கெடந்து போயிட்டு இருக்குதுங்க.”

“போயிருச்சா, போயிட்டு இருக்குதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு கண்ணு.”

“போயிட்டு இருக்குதுங்க. சும்மா சும்மா போட்டுப் பார்த்தா முழுசாப் போயிரும்.”

அவனுடைய விளக்கத்தைக் கேட்ட பிறகு, இந்த வஸ்து பத்து வருஷம் ஓடியதே பெரிது என்று எனக்குப் பட்டது. உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு ஒன்றோ இரண்டோ இருக்கிறது. நிமிஷத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது. எழுதவும் படிக்கவுமான தலை என்கிற சிறு முனை, தட்டைத் தொடாமல், காற்றின் மேலே மிதந்தபடி போகிறது. தட்டுக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமயிரின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் மனிதன் தன் கல்யாண ஆல்பத்தையும் கடன் கணக்கையும் நம்பிக்கையாக வைத்துவிட்டுத் தூங்கப் போகிறான்!

இதன் முப்பாட்டன் 1956-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட ராமாக் என்ற யந்திரத்தில் இருந்தது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. ஒரு டன்னுக்கு மேல் கனம். அத்தனைக்கும் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துக்கள்தாம் அதில் அடங்கும். இன்றைக்கு செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ சில சமயம் அதைவிடப் பெரிது. கொள்ளளவு பெருகிய அளவுக்கு ஆயுள் பெருகவில்லை.

“காப்பி இருக்குதுங்களா?” என்று பையன் கேட்டான். இருந்தது. மாசக் கடைசியில் கணக்கை எல்லாம் பென் டிரைவில் ஏற்றி அரிசி டப்பாவில் போட்டு வைப்பது அக்காவின் வழக்கம். அக்டோபர் வரைக்கும் பத்திரம். நவம்பர்தான் போயிற்று. அதிலும் முன்வாரங்களுக்குப் பணம் பட்டுவாடா ஆகிவிட்டது. இந்த ஒரு வாரத்துக் கூலிக் கணக்கு, யார் எந்த நாளில் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்பது, முழுக்க அந்தத் தட்டில் இருந்தது. நாளை மறுநாள் சனிக்கிழமை. அப்புறம் போட்டோக்கள். அவற்றைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பையன் பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனான். அங்கே டிடிரெஸ்க்யூ என்ற இலவசப் புரோகிராமை அதன் மேல் ஏவிவிட்டான். அந்தப் புரோகிராமின் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். கெட்டுப்போன இடம் வந்தால் அங்கேயே மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காது. தாண்டிப் போய், நல்ல இடங்களை எல்லாம் முதலில் வாரி வேறொரு டிஸ்க்கில் சேர்த்துவிடும். பிறகுதான் திரும்பி வந்து, கெட்ட இடத்தை ஓரம் ஓரமாகச் சுரண்டும். சாகக் கிடக்கிறவரிடம் முக்கியமான கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும் என்கிற உலகியல் ஞானம். இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்றான்.

வெள்ளிக்கிழமை புதிய டிஸ்க் வந்தது. இதில் சுற்றுகிற தட்டு, மிதக்கிற தலை, எதுவும் கிடையாது, எல்லாம் சில்லு. வெற்றிலைப் பெட்டிக்குள் நாலைந்து வைக்கலாம். சத்தமே இல்லை. மாட்டிவிட்டால் போதுமா என்றால் போதாது. ஆபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது பெரிய பண்ணையில் காரியஸ்தர் மாதிரி. எந்தச் சாமான் எந்த அறையில் இருக்கிறது, யாருக்கு எதை எடுத்துக் கொடுக்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் குடியிருப்பதும் அதே கிடங்கில். கிடங்கு இடிந்தால் காரியஸ்தரும் போய்விடுகிறார்.

பழைய காரியஸ்தர் விண்டோஸ் பத்து. அதற்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி முடித்துக்கொண்டது. பணம் கட்டியோ வேறு வழியிலோ சிறிது காலம் தவணை வாங்கலாம், அவ்வளவுதான். பதினொன்றைப் போடலாம் என்றால், அக்காவின் யந்திரம் அதற்கு வேண்டிய தகுதி இல்லாத கிழம். பையன் லினக்ஸ் போடுவதாகச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்ததாம். சென்னை சி-டாக் நிறுவனத்தார் செய்தது. மற்றப் பிள்ளைகள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இவன் அதைக் குடைந்து குடைந்தே தொழில் கற்றுக்கொண்டான். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தைப் பற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ கேலி பேசியதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சேவூர்ப் பக்கம் வந்து பார்க்கலாம்.

புதிய காரியஸ்தர் வேலைக்குச் சேருமுன் கேட்ட கேள்விகள்தாம் வேடிக்கை. எந்தப் பாஷை என்று கேட்டது, தமிழும் இருந்தது. எந்த ஊர் நேரம் என்று கேட்டு உலகப் படத்தை விரித்தது. இந்தியாவுக்கு ஒரே ஊர்தான், கொல்கத்தா. சென்னைக்கே இடமில்லை, அவிநாசியை யார் கேட்டார்கள்? கடைசியில், “உங்கள் பெயர் என்ன?” என்றது. பதினோரு வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவளைப் பார்த்து! அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பெயரைச் சொன்னாள்.

யந்திரம் தயாராயிற்று. உள்ளே கணக்கு இல்லை. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அக்கா பெண்களைக் கூப்பிட்டாள்.

“அம்மிணிகளா, கம்ப்யூட்டர் கணக்கு போயிருச்சு. அவங்கவங்க கணக்கை அவங்கவங்க சொல்லுங்க. சொல்றதுதான் கூலி.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்தவன் நான். ஒருத்தி நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். ஒருத்தி தையல் மெஷின் பலகையின் அடியில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். எல்லோரும் குனிந்து எண்ணினோம். ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கைமடிக்கார அம்மாள் ஒரு நூலை மடியிலிருந்து எடுத்தாள். பண்டலுக்கு ஒரு முடிச்சு. பொழுது சாய்ந்தால் ஒரு பெரிய முடிச்சு. தென் அமெரிக்காவில் இன்கா மக்கள் ராஜாங்கக் கணக்கையே கயிற்று முடிச்சில் வைத்திருந்ததாகப் படித்திருக்கிறேன். இந்த அம்மாள் அதைப் படித்ததில்லை. அக்கா அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி எண்ணி, வாய்விட்டுச் சொல்லி, யந்திரத்தில் ஏற்றினாள். ஆறு மணிக்குப் பணம் பட்டுவாடா ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இருட்டும் சமயத்தில் பையன் வந்தான். முதலை பெரும்பாலும் கக்கிவிட்டது. நவம்பர் மாதக் கூலிக் கணக்கு, சேதம் இல்லாமல், வியாழன் பகல் வரைக்கும் இருந்தது.

“ஒத்துப் பார்த்துரலாங்களாக்கா?”

“எதுக்கு? குடுத்த காசைத் திருப்பி வாங்கப் போறனா? அவங்க சொன்ன கணக்கே இருக்கட்டும். இதை அழிச்சிரு.”

நானாக இருந்தால் பார்த்திருப்பேன். நாவல் எழுதுகிறவனுக்கு மனசு ஆறாது. ஒன்பது பேரில் யார் கூட்டிச் சொன்னார்கள், யார் குறைத்துச் சொன்னார்கள் என்பதில் ஒரு முழு நாவல் இருக்கிறது. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். பையன் அழித்துவிட்டான்.

போட்டோக்களில்தான் முதலை தன் பங்கை எடுத்துக்கொண்டிருந்தது. சில திறக்கவே இல்லை. சில, மேல்பாதி நன்றாக இருந்து, கீழ்ப்பாதி சாம்பல் பூசினாற்போல் நின்றுவிட்டன. மருமகளுக்குக் காது குத்தியபோது குலதெய்வக் கோவிலில் எடுத்த படம் அந்த ரகம். மாமா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். முகம் இருக்கிறது, தலைப்பாகை இருக்கிறது. நெஞ்சுக்குக் கீழே சாம்பல். மடியும் இல்லை, மடியில் இருந்த குழந்தையும் இல்லை. குழந்தை இன்று கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கிறாள். அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. மாமாவின் வயசுதான் அங்கேயே நிற்கிறது. அக்காவுக்கு இப்போது அவரைவிட மூன்று வயசு கூட.

பையன் குற்றம் செய்தவன் போல, “இவ்வளவுதானுங்கக்கா வந்துச்சு” என்றான்.

அக்கா திரைக்கு அருகில் குனிந்து வெகு நேரம் பார்த்தாள். “முகம் இருக்குதல்லோ” என்றாள். பிறகு அவனுக்குக் காப்பி கலக்கப் போனாள்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்று கேட்டதற்கு, பிரித்துப் போட்டுவிடுவதே பத்திரம் என்று பையன் திருப்புளியால் நெம்பித் திறந்தான். உள்ளே இருந்த தட்டு, பத்து வருஷம் மண்ணையும் பஞ்சையும் காணாமல், நேற்று செய்தது போல ஜொலித்தது. திங்கட்கிழமை செக்கிங் பெண் ஒருத்தி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறது. நடுவில் ஓட்டை இருப்பதால் மூக்குத் தெரியாதாம். பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க மூக்கு எதற்கு என்கிறாள்.