பழைய நம்பர் 14, புது நம்பர் 14

தமிழ்நாட்டில் வீட்டு முகவரி எழுதுவது ஒரு தனிக் கலை. பெயர் எழுதணும், பழைய எண் எழுதணும், புதிய எண் எழுதணும், அதுக்குக் கீழே "தண்ணி டேங்க் எதிரில்" என்றோ "மாரியம்மன் கோயில் பின்புறம்" என்றோ ஒரு வரி சேர்க்கணும். இதில் ஒன்றை விட்டால் கூட தபால் வேறு யார் வீட்டுக்காவது போய் உட்கார்ந்து கொள்ளும். போனால் என்ன ஆகிடப் போகுது, பக்கத்து வீடுதானே, கொடுத்துடுவாங்க என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சில சமயம் அது அவ்வளவு லேசாக முடிவதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் ஒரு தெரு. பாதி வீடுகளில் சொந்தக்காரர்கள், மீதி எல்லாம் லைன் வீடுகள். காலை ஷிப்ட் முடிந்து வருபவர்களும் நைட் ஷிப்டுக்குக் கிளம்புபவர்களும் டீக்கடையில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கொள்வார்கள். பகலில் கதவைத் தட்டினால் ஒன்று வீடு பூட்டியிருக்கும், இல்லை உள்ளே ஆள் தூங்கிக் கொண்டிருப்பார். எப்பவும் திறந்திருப்பது டைலர் அக்கா வீடு மட்டும்தான். வாசல் திண்ணையை ஒட்டி மெஷின் போட்டிருப்பார். கேஸ் சிலிண்டருக்குப் பணம், வீட்டுச் சாவி, ஸ்கூல் விட்டு வரும் குழந்தை, எல்லாம் அக்கா பொறுப்பு. யாரும் அவரைக் கேட்டு ஒப்படைத்ததில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது.

அக்கா வீட்டுக்குப் பழைய எண் 14, புதிய எண் 22. நாலு வீடு தள்ளி இருக்கும் வீட்டுக்குப் புதிய எண் 14. வழக்கமாக வரும் போஸ்ட்மேனுக்கு இது மனப்பாடம். நம்பரைப் பார்க்க மாட்டார், பேரைப் பார்ப்பார். அந்த நாலாவது வீட்டில் குடியிருந்தவர் ஒரு இரும்பு கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி. மனைவி, ஒரு குழந்தை.

2019 ஜூன் 6. வழக்கமான போஸ்ட்மேன் லீவு. பதிலுக்கு வந்தவர் கையில் ஒரு பதிவுத் தபால். முகவரியில் வெறும் 14 என்றுதான் இருந்தது.

"இந்தப் பேர்ல இங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"நம்ம தம்பிதாங்க, நாலு வீடு தள்ளி. நைட் ஷிப்ட், இப்ப தூங்கிட்டிருக்கும். குடுங்க, நான் குடுத்துடறேன்."

கையெழுத்து போட்டு வாங்கி வைத்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தூங்குகிற பிள்ளையை எதற்கு எழுப்பணும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அது ஜூன் மாசம். ஸ்கூல் திறந்த நேரம். யூனிபார்ம் துணி மலை மாதிரி குவிந்து கிடந்தது. கவர் மெஷின் டிராயருக்குள் போனது. அதற்கு மேல் வெட்டுத் துணி விழுந்தது. அப்புறம் அக்கா அதை மறந்தே போனார்.

17ஆம் தேதி மார்க்கிங் சாக் தேடும்போது கவர் கையில் சிக்கியது. பதினோரு நாள். அக்காவுக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே எடுத்துக் கொண்டு ஓடினார்.

"தம்பி, மன்னிச்சிடுப்பா. இது இத்தனை நாளா எங்கிட்டயே கிடந்துது."

அவர் பிரித்துப் படித்தார். முகம் மாறியது. "யாருக்கா கையெழுத்து போட்டது?"

"நான்தான்பா."

"என்னைக்கு?"

"ஆறாம் தேதி."

அவர் கத்தவில்லை. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அதுதான் அக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அது வக்கீல் நோட்டீஸ். அப்பா ஆபரேஷனுக்காக, கூட வேலை பார்த்த ஒருவரிடம் அறுபதாயிரம் கடன் வாங்கி செக் கொடுத்திருக்கிறார். தீபாவளி போனஸில் தருவதாகப் பேச்சு. கொடுத்தவருக்கு என்ன அவசரமோ, செக்கை பேங்கில் போட்டுவிட்டார். பணம் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

காமர்ஸ் படிப்பவர்கள் எல்லாரும் பரீட்சைக்காக உருப்போடும் ஒரு பிரிவு உண்டு. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 138. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் பணம் வரவேண்டியவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் கேஸ் இல்லை. கொடுக்காவிட்டால் கேஸ் போடலாம். இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். பரீட்சையில் "30 நாள், 15 நாள்" என்று எழுதினால் மார்க் வந்துவிடும். அந்த 15 நாளில் 11 நாள் ஒரு தையல் மெஷின் டிராயருக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று எந்தக் கேள்வித்தாளிலும் கேட்பதில்லை.

"என் கைக்கே வரலை" என்று சொல்லலாமே? சொல்லலாம். ஆனால் பொது உட்கூறுகள் சட்டம் 1897, பிரிவு 27 இருக்கிறது. சரியான முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால் அது போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படும். சேரவில்லை என்று காட்ட வேண்டியது வாங்க வேண்டியவர் பொறுப்பு. 2007இல் அலவி ஹாஜி வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி சொன்னது. நோட்டீஸ் வரவில்லை என்று சொல்பவர், கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். நல்ல வழிதான். ஆனால் சம்மன் வரும் வரைக்கும் போக விடுவது யாருக்கு சுலபம்? ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு கோர்ட் என்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் சம்பளம் போச்சு, வக்கீல் ஃபீஸ் தனி.

மீதி இருந்தது நாலு நாள். மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போனது. ஊரில் அண்ணனிடம் கொஞ்சம் வாங்கினார். அன்று இரவே அக்கா யூனிபார்ம் தைத்த கூலியில் ஐயாயிரத்தைக் கொண்டுபோய் நீட்டினார். "வேணாங்க்கா" என்றார். மறுநாள் காலையில் அவரே வந்து வாங்கிக் கொண்டார். 20ஆம் தேதி முழுப் பணமும் பேங்க் மூலமாகப் போய்ச் சேர்ந்தது. தீபாவளிக்கு அக்காவின் ஐயாயிரம் திரும்பி வந்தது, ஒரு டப்பா ஸ்வீட்டோடு.

சுபம் போட்டுவிடலாம். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது.

கவரை வாங்கிய அன்று அந்தத் தம்பி கேட்ட கடைசிக் கேள்வி: "அக்கா, கவர் மேலயே வக்கீல் பேரு இருக்கு. யார்கிட்டயும் சொல்லலையே?" அக்கா "சேச்சே, இல்லப்பா" என்றார். உண்மையில் கையெழுத்து போட்ட அன்றே, பிளவுஸ் வாங்க வந்த ஒருவரிடம் "அந்தப் புள்ளைக்கு வக்கீல்கிட்ட இருந்து ஏதோ வந்திருக்கு பாவம்" என்று சொல்லியிருந்தார். தபாலைக் கொடுக்க மறந்தவருக்கு அதைச் சொல்ல மறக்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத் தன் தங்கச்சியிடம் இதைச் சொல்லும்போது, "பதினோரு நாள் லேட்டானதுக்கு அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். இதுக்குக் கேக்கலை" என்றார்.

போய்ச் சேராத தபால்கள் ஒரு தெருவோடு நிற்பதில்லை. ஒடிசாவில் பத்ரக் மாவட்டத்து ஒதங்கா கிராமத்தில், 2018இல் பழைய போஸ்ட் ஆபீஸ் கட்டிடத்தில் விளையாடிக் கொண்டிருந்த பிள்ளைகள் மூட்டை மூட்டையாகத் தபால்களைக் கண்டுபிடித்தார்கள். 2004 முதல் பட்டுவாடா ஆகாமல் கிடந்த ஆயிரக்கணக்கான தபால்கள். ஏடிஎம் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் அதில் இருந்தன. கடற்படையில் சேர விண்ணப்பித்த ஒரு பையனுக்கு 2011இல் வந்த கடிதமும் இருந்தது. அந்தப் பையன் ஏழு வருஷமாக என்ன நினைத்துக் கொண்டிருந்திருப்பான்? தனக்குத் தகுதி இல்லை என்றுதானே?

பழைய இந்திய தபால் அலுவலகச் சட்டம் 1898இல், பிரிவு 68 என்று ஒன்று இருந்தது. அடுத்தவருக்குப் போக வேண்டிய தபாலை மோசடியாகவோ வேண்டுமென்றோ வைத்துக் கொண்டால் இரண்டு வருஷம் வரை சிறை. அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டு, 2023ஆம் வருஷத்துப் புதிய தபால் அலுவலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்தில் அப்படி ஒரு குற்றப்பிரிவே இல்லை. உள்ளே இருக்கும் பொருளை எடுத்துக் கொண்டால் வேறு சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்தவர் கவரைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது இப்போது பெரும்பாலும் அவரவர் மனசாட்சிக்கு விட்ட விஷயம்.

பின்கோடு காப்பாற்றாதா என்றால், அது போஸ்ட் ஆபீஸ் வரைக்கும்தான். 1972 ஆகஸ்ட் 15இல் வந்த அந்த ஆறு இலக்கம் தபாலை 601201 என்று கும்மிடிப்பூண்டிக்கும், 602001 என்று திருவள்ளூருக்கும் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து வாசல் வரைக்கும் போஸ்ட்மேனின் ஞாபகம்தான். 2025 மே மாதம் தபால் துறை டிஜிபின் என்று ஒன்றை வெளியிட்டது. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் இடத்துக்கு ஒரு பத்து எழுத்துக் குறியீடு. பழைய எண், புதிய எண் குழப்பத்துக்கு நல்ல மருந்து. ஆனால் கவர் மேல் அதை எழுதணுமே! பதிவுத் தபாலும் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். அடுத்தவர் பேருக்கு வந்த தபாலுக்குக் கையெழுத்து போடாதீர்கள். அது உதவி மாதிரி தெரியும், ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு நாள் ஓட ஆரம்பிக்கலாம். சாதாத் தபால் தப்பாக வந்து விழுந்திருந்தால் பிரிக்காமல், "தவறாக வந்தது" என்று மேலே எழுதி போஸ்ட்மேனிடமே கொடுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். அனுப்பியது யார் என்பது கவரோடு முடியட்டும்.

டைலர் அக்கா வீட்டுச் சுவரில் இப்போது பெயின்ட்டில் பெரிசாக எழுதியிருக்கிறது: பழைய எண் 14, புதிய எண் 22. நாலு வீடு தள்ளி, கேட்டில் ஒரு தகர டப்பா கட்டி, அதன் மேல் அந்தத் தம்பியின் பெயர்.

அடுத்த வருஷம் அவருக்கு மறுபடி ஒரு பதிவுத் தபால் வந்தது. மறுபடியும் புது ஆள், மறுபடியும் அக்கா வாசல். அக்கா பேனாவை வாங்கவில்லை. போஸ்ட்மேனை உட்கார வைத்துத் தண்ணி கொடுத்துவிட்டு போனை எடுத்தார்.

"தம்பி, தூங்கினது போதும், எழுந்து வா. உனக்கு ஒரு தபால் வந்திருக்கு. எங்கிருந்துன்னு நான் பாக்கலை."