திறவுகோலும் ஓர் அமானிதமே

வீட்டைக் கட்டுபவன் ஒருவன். அதற்குப் பூட்டுச் செய்பவன் வேறொருவன். அப்பூட்டின் திறவுகோலைச் சுமப்பவன் மற்றொருவன். இம்மூவருள் மிகுந்த பொறுப்புடையவன் மூன்றாமவனே. அவன் கையில் இருப்பது சிறு இரும்புத் துண்டுதான். ஆயினும் வீட்டாரின் உறக்கம் முழுவதும் அதை நம்பியே இருக்கிறது.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, கஃபாவின் திறவுகோல் உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களின் குடும்பத்தாரிடம் இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைப் பெற்று ஆலயத்தைத் திறந்தார்கள். அச்சிறப்பைத் தமக்கு அருளுமாறு நபியவர்களின் நெருங்கிய உறவினரே வேண்டியும், திறவுகோல் மீண்டும் உஸ்மான் (ரலி) அவர்களின் கைக்கே திரும்பியது. அமானிதங்களை உரியவரிடம் சேர்க்குமாறு பணிக்கும் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து 58ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்நிகழ்ச்சியோடு இணைத்துப் பேசுவர். அக்குடும்பத்தின் வழித்தோன்றல்களே இன்றளவும் அத்திறவுகோலைக் காத்து வருகின்றனர். அவர்கள் காவலர்களே அன்றி, அவ்வீட்டின் உரிமையாளர்கள் அல்லர். இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்; இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே.

இன்று நம் திறவுகோல்கள் இரும்பால் ஆனவை அல்ல, சொற்களால் ஆனவை. மதுரை காஜிமார் தெருவிலோ நெல்பேட்டையிலோ கோரிப்பாளையத்திலோ ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின் கட்டணம், எரிவாயு, வங்கி, சேமநல நிதி, பிள்ளையின் கல்லூரி, வளைகுடாவில் இருக்கும் மகனின் விசா, கடையின் ஜி.எஸ்.டி. கணக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. முப்பது நாற்பது திறவுகோல்கள் ஒரே மனிதரின் நினைவில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த நினைவு அணைந்துவிட்டால் என்னாகும்?

எங்கள் குடும்பம் அதனைக் கண்டது. வாடிப்பட்டியில் பலசரக்குக் கடை நடத்தி வந்த என் பெரியத்தா சில ஆண்டுகளுக்கு முன் திடீரென மௌத்தானார்கள். சிவப்பு அட்டைப் பேரேட்டில் கணக்கெழுதிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள்தாம். ஆனால் கடைசி ஐந்தாறு ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் செல்பேசியிலேயே குறித்துவந்தார்கள். கீழமாசி வீதி மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டியது, ஊரில் வர வேண்டியது, கைமாற்று யாவும் அதனுள் இருந்தன. விரல் ரேகையால் திறக்கும் செல்பேசி அது. அந்த விரலோ கபனுக்குள் அடங்கிவிட்டது.

மூத்த மகன் துபாயில்; இளையவன் மகபூப்பாளையத்தில்; மகள் மேலூரில். இளையவனுக்குக் கடையின் மின்னஞ்சல் கடவுச்சொல் மட்டும் தெரிந்திருந்தது. “அவனுக்கு எல்லாம் தெரியும், சொல்லாமல் இருக்கிறான்” என்ற பேச்சு மெல்ல எழுந்தது. அவன் குற்றமற்றவன். ஆயினும் உடன்பிறந்தார் நடுவே விழுந்த ஐயம் பல மாதங்கள் நீங்கவில்லை. வியாபாரிகள் தத்தம் பேரேடுகளைக் கொண்டுவந்து காட்டினர். அவற்றை நம்பிக் கடன்கள் தீர்க்கப்பட்டன. நாற்பதாம் நாள் கழிந்தபின் ஓர் ஏழை விவசாயி தயங்கித் தயங்கி வந்தார். மகள் திருமணத்திற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையைப் பெரியத்தாவிடம் கொடுத்து வைத்திருந்ததாகச் சொன்னார். சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. அவர் சொல்லையே ஏற்றுத் தொகை கொடுக்கப்பட்டது. இத்தாவில் இருந்த பெரியம்மா திரைக்குப் பின்னிருந்து கேட்டார்கள்: “இவர் வந்துவிட்டார். வர வெட்கப்பட்டு வராமலே போனவர் எத்தனை பேரோ?” அக்கேள்விக்கு எவரிடமும் விடை இல்லை.

கடனை எழுதி வைக்குமாறு கட்டளையிடும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். பெரியத்தா எழுதித்தான் வைத்தார்கள். ஆனால் உரியவர் படிக்க இயலாத இடத்தில் அந்த எழுத்து அடைபட்டுவிட்டது. படிக்க முடியாத எழுத்து எழுதப்படாததற்கே ஒப்பாகும். இதன் பின்னரே, குடும்பத்திற்குத் தகுந்த கடவுச்சொற் பேழை ஒன்றைத் தேர்வது என்று முடிவாயிற்று. ‘பாஸ்வேர்டு மேனேஜர்’ என்று இளைஞர்கள் வழங்கும் மென்பொருளையே பேழை என்கிறேன்.

முதலில் எழுந்த மறுப்பு, “ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதாதா?” என்பது. நோட்டுப் புத்தகம் இழிவானதன்று. அடுத்தவர் கணினிக்குள் புகும் கள்வன் நம் அலமாரிக்குள் கை நீட்ட முடியாது. ஆனால் அது துபாய்க்கும் மேலூருக்கும் ஒரே நேரத்தில் எட்டாது. மாற்றங்களை அவ்வப்போது எழுதும் பொறுமையும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அன்றியும், கையால் எழுதி வைப்பவர் நினைவுக்கு எளிய சொல்லையே நாடுவர். பெயருக்குப் பின்னே 786 என்று சேர்த்துவிட்டுப் பாதுகாப்பாயிற்று என்று எண்ணுவோர் நம்மில் பலர்.

கள்வன் அங்கேதான் தொடங்குவான். இதற்குரிய சூத்திரத்தை நம்மவர் ஒருவரே உலகுக்குத் தந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவப் பேரறிஞர் அல்கிந்தி, மறைமொழிகளை விடுவிப்பது பற்றி ஒரு நூல் யாத்தார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் மறைபொருள் தானே வெளிப்படும் என்பது அவர் கண்ட வழி. மனிதனின் வழக்கமே அவனைக் காட்டிக்கொடுக்கும் என்பது அதன் உட்பொருள். கணினிகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1960களின் தொடக்கத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பாரின் குழுவினர் கணினிக்குக் கடவுச்சொல் அமைத்தனர். 1962இலேயே அங்கிருந்த ஆய்வாளர் ஒருவர் கடவுச்சொற் பட்டியல் முழுவதையும் அச்சிட்டு எடுத்துவிட்டார்!

ஒரே சொல்லைப் பத்து இடங்களில் வைப்பது பத்து வீடுகளுக்கும் ஒரே பூட்டுப் போடுவதாகும். ஏதோ ஒரு சிறு கடையின் இணையதளத்தில் திருட்டுப்போன சொல்லைக் கொண்டு கள்வர் நம் மின்னஞ்சலையும் திறந்து பார்ப்பர். ஆகவே ஒவ்வோரிடத்திற்கும் நீண்ட, தொடர்பற்ற, தனிச் சொல் வேண்டும். அத்தனையையும் மனிதன் நினைவில் வைக்க இயலாது, பேழை வைக்கும். தலைமைக் கடவுச்சொல் ஒன்றை மட்டும் நாம் காத்தால் போதும். இன்னொரு நன்மையும் உண்டு. வங்கியைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளத்தில் நம் கண் ஏமாறலாம். முகவரி ஒத்துவராத இடத்தில் பேழை தானாகச் சொல்லை நிரப்பித் தராது. அது தயங்கினால் நாமும் நின்று பார்க்க வேண்டும்.

எந்தப் பேழை? இங்கே திண்டுக்கல் பூட்டு எனக்குத் துணைவந்தது. மதுரைக்கு வடக்கே கையால் செய்யப்பட்டு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற புகழ்மிக்க பூட்டு அது. அதை வாங்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “செய்தவன் தன்னிடம் ஒரு சாவி வைத்துக்கொண்டானா?” நல்ல பேழையில், நம் சொற்கள் நம் செல்பேசியிலேயே மறைமொழியாக மாற்றப்பட்ட பின்னரே நிறுவனத்தின் கணினிக்குச் செல்கின்றன. தலைமைச் சொல் நிறுவனத்திற்குத் தெரியாது. அதனால்தான் நாம் அதை மறந்தால் அவர்களாலும் மீட்டுத்தர முடிவதில்லை. இது குறை போலத் தோன்றும் நிறை.

எங்கள் முன் மூவகை வழிகள் இருந்தன. கூகுள், ஆப்பிள் நிறுவனங்கள் செல்பேசியோடு இணைத்துத் தரும் பேழை முதல்வகை. செலவில்லை, எளிமை உண்டு. எதுவும் இல்லாதார்க்கு இதுவே பெருநன்மை. ஆயினும் செல்பேசியின் பூட்டைத் திறந்தவர்க்கு அப்பேழையும் எளிதில் திறந்துவிடலாம்; எங்கள் வீட்டிலோ இருவகைச் செல்பேசிகளும் கலந்திருந்தன. இரண்டாம் வகை, 2003இல் தோன்றிய ‘கீபாஸ்’. கட்டணமில்லாதது, பேழை ஒரு கோப்பாக நம் கணினியிலேயே இருக்கும். வெளியாரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் படியெடுத்துக் காப்பதும், பல ஊர்களுக்குச் சேர்ப்பதும் நம் தலைமேல் விழும். மூன்றாம் வகை, இதற்கென்றே உள்ள நிறுவனங்களின் பேழை. கனடாவின் ‘ஒன்பாஸ்வேர்டு’ம், 2016இல் வந்த ‘பிட்வார்டன்’ உம் அவ்வகையின.

மூன்றாம் வகையில் எச்சரிக்கை தரும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2022இல் ‘லாஸ்ட்பாஸ்’ என்னும் நிறுவனத்துள் கள்வர் புகுந்து வாடிக்கையாளரின் பேழைப் படிகளையே கவர்ந்து சென்றனர். கடவுச்சொற்கள் மறைமொழியில் இருந்தன; ஆனால் எந்தெந்தத் தளங்களுக்கு உரியவை என்னும் முகவரிகள் மறைக்கப்படாமல் இருந்தன. வலுவற்ற தலைமைச் சொல் வைத்திருந்தவர்களே பேராபத்திற்கு உள்ளாயினர். பேழை களவு போனாலும் திறவாதிருக்கும் அளவிற்குத் தலைமைச் சொல் உறுதியாக இருக்க வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

நாங்கள் பிட்வார்டனைத் தேர்ந்தோம். அதன் மூலநிரல் வெளிப்படையானது. கற்றோர் எவரும் ஆராயலாம். தனி ஒருவர்க்குக் கட்டணமில்லை. ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் அறுவர் கொண்ட குடும்பத்திற்குத் தனித்தனிப் பேழையும், நடுவே ஒரு பொதுப்பேழையும் கிடைக்கின்றன. ‘அவசரத் திறப்பு’ என்னும் ஏற்பாடும் உண்டு. நாம் நம்பி நியமித்தவர் திறக்க வேண்டுவார். நாம் குறித்த நாட்களுக்குள் மறுக்காவிடில் பேழை அவருக்குத் திறக்கும். வாழ்பவர் மறுக்கலாம், மறைந்தவரின் மௌனம் இசைவாகும். எங்கள் துயரத்திற்கு நேரான மருந்து இதுவெனக் கண்டோம்.

தலைமைச் சொல்லாக, தொடர்பற்ற ஆறு சொற்களைக் குலுக்கலில் எடுப்பது நல்ல முறை. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டிச் சொல் எடுப்பர் என்று மருமகள் விளக்கியபோது, பெரியம்மா முகம் சுளித்தார்கள். பகடை வேண்டாம்; மென்பொருளே குலுக்கித் தரும் என்றதும் அமைதியடைந்தார்கள். மூத்தோர் ஒவ்வொருவரின் ஆறு சொற்களும் தாளில் எழுதி உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் கையொப்பமிடப்பட்டன. ஒரு படி பெரியம்மாவின் இரும்புப் பெட்டியில். மறுபடி மேலூர் மகளிடம். வாரிசுகள் அனைவரும் கூடிய பின்னரே உறை பிரிக்கப்படும். அவசரத் திறப்பிற்கும் மகளே நியமிக்கப்பட்டாள். பெண்களுக்கு இவையெல்லாம் எதற்கு என்ற பழம்பேச்சிற்கு எங்கள் வீட்டில் இனி இடமில்லை.

பொதுப்பேழையில் வைத்தவை: மின்வாரியம், எரிவாயு போன்ற வீட்டுக் கணக்குகளின் சொற்கள், எந்த வங்கி, எந்தக் கிளை, யார் நியமனதாரர் என்னும் பட்டியல், கடன், கைமாற்று, அமானிதம் ஆகியவற்றின் குறிப்பு. வைக்காதவை: ஏ.டி.எம்., யு.பி.ஐ. இரகசிய எண்கள். அவற்றைப் பிறரிடம் பகிரலாகாது என்பது வங்கிகளின் விதி.

இதன் காரணம் விதியோடு முடிவதன்று. தந்தையின் இரகசிய எண்ணை அறிந்த மகன், ஜனாஸா எழுமுன்னரே கணக்கைக் காலி செய்வது திறமையன்று; தாயின், சகோதரியின் பங்கில் கை வைப்பதாகும். அடக்கச் செலவும் கடனும் மூன்றிலொன்றுக்கு மேற்படாத வஸிய்யத்தும் தீர்ந்தபின் எஞ்சுவதற்கே பங்கு. அப்பங்கை விதித்தவன் இறைவன். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கிற்கு நால்வர் வரை நியமனதாரராகக் குறிக்கலாம். ஆயின் நியமனதாரரும் பெற்றுக் கொடுப்பவரே. பங்குப் பத்திரங்கள் குறித்த வழக்கொன்றில், நியமனம் வாரிசுரிமையை மாற்றாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. கஃபாவின் திறவுகோல் கற்பித்த அதே பாடந்தான் இது.

ஆகவே சகோதர சகோதரிகளே, எந்த நிறுவனத்தின் பேழை என்பது இரண்டாம் கேள்வி. நம் கடனும் நம்மிடம் பிறர் வைத்த அமானிதமும் நமக்குப்பின் யார் கண்ணுக்குப் புலப்படும் என்பதே முதற்கேள்வி. வஸிய்யத் செய்ய வேண்டிய பொருளுடையவர் அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த எழுத்தோடு அதைத் திறக்கும் சொல்லும் சேரட்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவிற்குப்பின் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து, இன்ஷா அல்லாஹ், இதனைத் தொடங்குவோமாக.